ஆஃப்ரிகான்ஸ் பயிலும் தமிழருக்கு: வினைச்சொல் எங்கே நிற்கிறது?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், ஸ்டெலன்போஷ் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். அலுவலகத்தில் ஆங்கிலம் பெரும்பாலும் போதும். ஆனால் மேற்கு கேப், வடக்கு கேப் மாகாணங்களில் அக்கம்பக்கத்தார் பலரின் வீட்டுமொழி ஆஃப்ரிகான்ஸ். பிள்ளைகளுக்குப் பள்ளியில் அது கூடுதல் மொழிப் பாடமாகவும் வரக்கூடும்.

இம்மொழியின் வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப மாறுவதில்லை. நான், நீ, நாங்கள் என யார் செய்தாலும் ‘வெர்க்’ (வேலை செய்தல்) அப்படியே நிற்கும். ஆகவே, ‘வருகிறேன்’ என்று மட்டும் சொல்லி எழுவாயை விட்டுவிடும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

சிக்கல் முழுவதும் சொல் வரிசையில்தான் இருக்கிறது. சாதாரண வாக்கியத்தில் வினை எப்போதும் இரண்டாம் இடத்தில் வர வேண்டும். ‘எக் வெர்க் மோரெ’ என்றால் நான் நாளை வேலை செய்கிறேன் என்று பொருள். ‘நாளை’ என்பதை முன்னே கொண்டுவந்தால் ‘மோரெ வெர்க் எக்’ என்று எழுவாய் வினைக்குப் பின்னே போய்விடும். ‘மோரெ எக் வெர்க்’ என்று நம்மவர் சொல்வதற்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டின் பழக்கமும் காரணமாகலாம்.

‘ஏனெனில்’ என்ற பொருளில் வரும் ‘வான்ட்’, வரிசையை மாற்றாது: ‘எக் ஸ்லாப், வான்ட் எக் இஸ் சீக்’ (தூங்குகிறேன், ஏனெனில் எனக்கு உடம்பு சரியில்லை). அதே காரணத்தை ‘ஒம்டாட்’ கொண்டு சொன்னால், வினை துணைவாக்கியத்தின் கடைசிக்குச் சென்றுவிடும்: ‘எக் ஸ்லாப் ஒம்டாட் எக் சீக் இஸ்’. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் திணறும் இந்த இடத்தில் தமிழர்களுக்குப் பெரிய வசதி உண்டு. ‘எக் ஹெட் மெய் கார் ஃபெர்கூப்’ (நான் என் காரை விற்றிருக்கிறேன்) என்பது ‘ஒம்டாட்’ சேர்ந்தவுடன் ‘ஒம்டாட் எக் மெய் கார் ஃபெர்கூப் ஹெட்’ ஆகிறது. ‘நான் என் காரை விற்றிருப்பதால்’ என்னும் தொடரில் நான், என், கார், விற்று, இருப்பது என்று சொற்கள் வரும் அதே வரிசைதான் இது. ஆகவே துணைவாக்கியங்களை ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழில் யோசித்துப் பழகுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. ‘காப்ஸ்டாட் டூ’ (கேப் டவுனுக்கு) என்பதில்கூட, நம் வேற்றுமை உருபைப் போலவே ‘டூ’ ஊர்ப்பெயருக்குப் பின்னால்தான் நிற்கிறது.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து ‘ஸ்டொம்பி’ என்ற சூத்திரத்தைக் கொண்டுவரலாம். எழுவாய், முதல் வினை, காலம், செயப்படுபொருள், விதம், இடம், பிறகு எஞ்சிய வினை என்ற வரிசையை நினைவில் வைக்க உதவும் எழுத்துச் சுருக்கம் அது. பெரியவர்களும் அதையே மனப்பாடம் செய்யலாம்.

எதிர்மறை வாக்கியங்களில் ‘நீ’ என ஒலிக்கும் மறுப்புச் சொல் பெரும்பாலும் இருமுறை வரும்: ‘ஹெய் இஸ் நீ சீக் நீ’ (அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை). ‘எக் ஸ்லாப் நீ’ போல முதல் ‘நீ’யிலேயே வாக்கியம் முடிந்துவிட்டால் ஒன்று போதும். துணைவாக்கியம் தொடர்ந்தால், இரண்டாவது ‘நீ’ அதையும் தாண்டி இறுதியில் வரும்: ‘எக் டிங்க் நீ டாட் ஹெய் சீக் இஸ் நீ’ (அவனுக்கு உடம்பு சரியில்லை என்று நான் நினைக்கவில்லை). பேசும்போது இந்தக் கடைசிச் சொல்லைத்தான் நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். எனவே எதிர்மறை வாக்கியங்களை முதல் சில வாரங்களுக்கு எழுதிப் பார்த்தே பழகுங்கள்.