1/35 சிப்பாய்க்கு முகம் சரியாக வரவில்லை

கேள்வி:
டாமியா கம்பெனியின் 1/35 (நிஜ அளவில் 35-ல் ஒரு பங்கு) பிரிட்டிஷ் எட்டாவது படை சிப்பாய் பிளாஸ்டிக் பொம்மைகளை ஒட்டி முடித்துவிட்டேன், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டை போட்டவர்கள். உடுப்பு பரவாயில்லை. முகம்தான் வரவில்லை, கண்ணில் வெள்ளை வைத்தால் பேயைப் பார்த்தவன் மாதிரி முழிக்கிறான், அதோடு மூக்கு நுனியில் பெயிண்ட் உரிகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பிசுக்குதான், அச்சிலிருந்து வந்ததோ உங்கள் விரலில் இருந்ததோ. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சை மெல்லிசாக அடியுங்கள். அப்புறம்தான் வண்ணம்.

பதில் 2:
கண்ணுக்கு வெள்ளையே வேண்டாம் நண்பரே. 175 செ.மீ. ஆள் இந்த அளவில் வெறும் 5 செ.மீ., பாலைவன வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பான், ஒரு கரும்பழுப்புக் கோடு போதும். ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே, மூக்கின் இரு பக்கம், கீழுதட்டின் அடியில் செம்பழுப்பைத் தண்ணியாக ஓடவிடுங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பில் வெளிர் நிறம். அந்த நிழல் விழுந்ததும் முகத்துக்கு உயிர் வரும் பாருங்கள், எனக்கு இன்றும் அதுதான் பெரிய சந்தோஷம்.

கேட்டவர்:
சரி, சோப்பில் ஊறப்போட்டாயிற்று. முதலில் ஒருவனை மட்டும் செய்து பார்க்கிறேன். உதட்டுக்குத் தனி நிறம் வேண்டுமா?

பதில் 2:
வேண்டாம், கீழே விழும் நிழலே உதட்டைக் காட்டிவிடும்.