சீனக்குடாவுக்குக் கிட்ட வந்தால் மட்டும் விழுகிற சிமுலேட்டர்: உங்களுக்கும் நடந்ததா?

ஓர்ஸ்ஹில்காரன்:

மூன்று கிழமையாக மல்லுக்கட்டி நேற்று இரவுதான் பிடிபட்டது, சூடு ஆறமுதல் எழுதிவிடுகிறேன். நான் பாவிப்பது மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, கணினியில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு, ரேம் 16 ஜிபி. இரத்மலானையில் ஏறி, கந்தளாய்க்கு மேலால் வந்து, திருகோணமலைச் சீனக்குடாவில் 06 ஓடுபாதையில் இறங்குவது என் வழமையான ஓட்டம். ஏறக்குறைய 130 கடல் மைல், முக்கால் மணி நேரத்தில் வீடு வந்த மாதிரி. புதிதாக ஓர் இரட்டை எஞ்சின் விமானத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து ஒரே கதைதான்: தம்பலகாமத்து வயல் தெரியும், குடாவின் தண்ணீர் மினுங்கும், சக்கரத்தை இறக்குவேன், படம் அப்படியே உறையும், இரண்டு விநாடியில் சிமுலேட்டர் தானாக மூடி டெஸ்க்டொப். இதைத்தான் விழுகிறது என்கிறேன். ஒரு பிழைச் செய்திகூட வராது.

சக்கரம் இறக்குகிற நேரத்தில் விழுகிறது, ஆகவே சக்கரத்தில்தான் கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். விமானத்தைச் செய்தவருக்குக் கொஞ்சம் காரமாகவே மின்னஞ்சல் போட்டேன். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினேன். அதுவும் சரிவராமல் சிமுலேட்டரையே அழித்து, நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் டேட்டாவில் 150 ஜிபி அளவு பொருளைத் திரும்ப இறக்கினேன். எத்தனை இரவு போனது என்று மனைவியைக் கேட்டால் சரியாகச் சொல்லுவா. இறக்கி முடிந்த கையோடு, பத்திரமாக எடுத்து வைத்திருந்த கம்யூனிட்டி போல்டரை (நாமாகச் சேர்க்கும் விமானம், விமான நிலையம் போன்ற ஆட்-ஒன்கள் கிடக்கிற இடம்) அப்படியே திரும்பப் போட்டேன் பாருங்கள், அதுதான் பெரிய முட்டாள்தனம். வீட்டை இடித்துக் கட்டிவிட்டுப் பழைய கறையானையும் கூட்டிக்கொண்டு குடிபோன கதை.

அக்காவின் மகன் வந்திருந்தான். பின்னால் நின்று ஒரு தடவை விழுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, சிமுலேட்டரோட வந்த பிளேன்ல வந்து பாத்தீங்களா?" என்று கேட்டான். பார்க்கவில்லை. மூன்று கிழமையில் அது எனக்குத் தோன்றவே இல்லை. சிமுலேட்டரோடு வந்த செஸ்னா கேரவனை எடுத்தேன், நிசத்திலும் சீனக்குடாவுக்கு வந்துபோகிற அதே வகை. இந்தமுறை இரத்மலானையிலிருந்து ஓடவில்லை, வரைபடத்தில் ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் வானத்திலேயே தொடங்கினேன். அதுவும் விழுந்தது. கேரவனுக்குச் சக்கரம் மடங்குவதே இல்லை!

அப்புறம் வழமையான பாதிப்பாதி வேலை. கம்யூனிட்டி போல்டரில் 38 சாமான் இருந்தது. 19ஐ வெளியே எடுத்தேன், விழவில்லை. சரி, கள்ளன் வெளியே எடுத்ததில் இருக்கிறான் என்று அந்த 19ஐ மட்டும் உள்ளே போட்டு ஓட்டினேன். அதிலும் விழவில்லை. இரண்டு பாதியும் தனித்தனியே நல்ல பிள்ளை, சேர்ந்தால் மட்டும் அடிபிடி. இந்த இடத்தில்தான் அரை மணி நேரம் சும்மா இருந்து யோசித்தேன். கள்ளன் ஒருவன் இல்லை, இரண்டு பேர், நான் பிரிக்கும்போது ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். முதல் பாதியை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது சாமானில் விழுந்தது: இலங்கை விமான நிலையங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஓர் இலவசப் பொதி. அதற்குள் சீனக்குடாவும் இருக்கிறது. நான் ஒரு வருடம் முன்பே சீனக்குடாவுக்கென்று தனியாக ஒன்று போட்டிருந்தேன். ஒரே நிலையத்துக்கு இரண்டு பேர் கட்டடம் கட்ட, கிட்டப் போகும்போது இரண்டும் ஒன்றாக ஏறியிருக்கிறது. இரண்டில் எதை வெளியே எடுத்தாலும் சரியாகிறது. பொதியை இறக்கியதும் புது விமானத்தை வாங்கியதும் ஒரே நாள், அதனால் பழி விமானத்தின் தலையில்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

பழைய எஃப்எஸ்எக்ஸ் ஆள்:

தம்பி, உங்களுக்கு ஒரு குறிப்பும் வரவில்லை என்கிறீர்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, விழுந்த நேரத்துக்கு நேரே சிவப்பு அடையாளம் போட்ட வரி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மொடியூலில், அதாவது புரோகிராமின் எந்தத் துண்டில், விழுந்தது என்று அதில் இருக்கும். பிழை இலக்கம் பெரும்பாலும் ஒன்றுதான், ‘சீ’ எழுத்து, பிறகு ஆறு பூச்சியம், கடைசியில் 5. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்தது என்று அர்த்தம். யார் கையை வைக்கச் சொன்னது என்று அது சொல்லாது. மொடியூல் பெயர் ஏதாவது ஆட்-ஒன்னுடையதாக இருந்தால் அதிர்ஷ்டம், விண்டோஸின் சொந்த ஃபைலாக இருந்தால் அதைப் போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், அது பிணம் கிடந்த இடம் மட்டும்.

என் காலத்துத் தொல்லை வேறு. 2006இல் வந்த எஃப்எஸ்எக்ஸ், மைக்ரோசொஃப்டின் பழைய சிமுலேட்டர், 32 பிட், எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குக் கை எட்டாது. இது தெரியாமல் நான் 4 ஜிபியை 8 ஆக்கினேன், காசு கரியானது. பெரிய ஜெட் ஒன்று, விவரமான விமான நிலையம் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து கட்டுநாயக்கா வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி, இறங்கப் போகிற நேரம் ‘டிங், டிங்’ என்று எச்சரிக்கை மணி. நினைவகம் முடிகிறது என்று எஃப்எஸ்யூஐபிசி என்ற ஆட்-ஒன் அடிக்கிற மணி. அந்தச் சத்தத்தை இப்போது எங்கேயாவது கேட்டாலும் வயிறு கலங்கும். மணி கேட்டவுடன் பறப்பைச் சேமித்துவிட்டு, சிமுலேட்டரை மூடித் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் தப்பலாம். டெக்ஸ்சர் அளவை 4096இலிருந்து 1024க்கு இறக்கி, பறக்காத நாடுகளின் சீனரியை எடுத்துவிட்ட பிறகு மணி அடிப்பது நின்றது. 64 பிட்டுக்கு மாறினவர்களுக்கு இது பாட்டன் காலத்துக் கதை.

உப்புவெளி:

எக்ஸ்-பிளேன் என்ற மற்றச் சிமுலேட்டரைப் பாவிக்கிறவர்களுக்கு ஒரேயொரு விசயம். அதன் பிரதான போல்டருக்குள் ‘லொக்’ என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். விழுந்ததும் திரும்பத் தொடங்காதீர்கள், முதலில் அந்த ஃபைலை வேறு இடத்தில் பிரதி எடுங்கள், ஏனென்றால் அடுத்தமுறை தொடங்கும்போது பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். நான் ஆறேழு தடவை ஆத்திரத்தில் உடனே உடனே தொடங்கி, ஆதாரத்தை நானே அழித்துக்கொண்டிருந்தேன். பல நேரம் கடைசி வரிகளில் எந்தப் பிளகினால் (கூடச் சேர்கிற சின்னப் புரோகிராம்) விழுந்தது என்று பெயரோடு இருக்கும். எனக்கு அது பழைய பதிப்புக்குச் செய்த ஒரு ஹெலிகொப்டரின் பிளகின். அந்த ஹெலியின் போல்டருக்குள்ளேயே தனியாக ஒரு பிளகின் போல்டர் இருக்கிறது, பொதுவான இடத்தில் தேடிக் களைத்துவிட்டேன்.

கிண்ணியா:

நம்மட கதை கரண்டால் வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த காலம் ஞாபகம் இருக்கும்தானே. பறந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டது, யூபிஎஸ்ஸும் இல்லை. வந்த பிறகு எந்த விமானத்தை எடுத்தாலும் ஊரைச் சுற்றிப் பறக்கும்போது விழுந்தது. கடைசியில் ரோலிங் கேஷ் ஃபைலை, இணையத்தால் வருகிற நிலக்காட்சிகளைச் சிமுலேட்டர் சேமித்து வைக்கிற ஃபைலை, அழித்துப் புதிதாக உண்டாக்கினேன், நின்றது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் அது பழுதாகியிருக்க வேண்டும்.

அதோடு இன்னொன்று, சிமுலேட்டருக்கு அப்டேட் வந்த மறுநாள் ஒரு விமானம் மட்டும் ஏறும்போதே விழுந்தால், அந்த விமானத்தின் பெயரில் உள்ள ‘வேர்க்’ போல்டரைக் கவனியுங்கள். இது கம்யூனிட்டிக்குள் இல்லை, ‘லோக்கல்ஸ்டேட்’ என்பதன் கீழ் ‘பெக்கேஜஸ்’ என்பதற்குள் கிடக்கும். அழிக்காமல் வேறு இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். சில விமானங்கள் நாம் வைத்த செட்டிங், ஓடின மணித்தியாலம் எல்லாவற்றையும் அதற்குள்தான் வைத்திருக்கும். காக்காட மகன் நேரே அழித்துவிட்டு ஒரு வருடத்துச் செட்டிங் போச்சு என்று இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஓர்ஸ்ஹில்காரன்:

அண்ணா சொன்ன ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். மூன்று கிழமைக்கும் வரிசையாகச் சிவப்பு, எல்லாம் அதே ஆறு பூச்சியம், மொடியூலுக்கு நேரே சிமுலேட்டரின் பெயர். விமானத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. முதல் நாளே பார்த்திருந்தால் 150 ஜிபி மிச்சம்.

கிண்ணியா, வேர்க் போல்டரைப் பற்றி எனக்குத் தெரியாது, குறித்து வைத்துக்கொண்டேன். பொதிக்குள் சீனக்குடாவை மட்டும் நீக்கிவிட்டு மற்ற நிலையங்களை வைத்துக்கொள்ள முடியுமா என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? போல்டரை அழித்தால், பொதிக்குள் உள்ள ஃபைல்களைப் பட்டியல் போடுகிற லேயவுட் ஃபைலிலும் அந்த வரிகளை எடுக்கவேண்டி வரும் என்று நினைக்கிறேன், இன்றிரவு முயற்சி செய்கிறேன்.

விமானம் செய்தவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியாயிற்று. பதிலில் கோபமே இல்லை. சீனக்குடா எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நேற்று இறங்கும்போது எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன், பின்னால் துறைமுகம் முழுதும் தெரிகிறது.