ராபர்ட் முல்லரைப் பதவியிலிருந்து இறக்கினார்களா?

சுங்கை சிப்புட் அம்மா:
வணக்கம். மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பின் இயக்குநராக இருந்த ராபர்ட் முல்லரைப் பற்றிப் பள்ளியில் பேச வேண்டும். 1990-இல் நீதித் துறையின் குற்றவியல் பிரிவுக்கே தலைவர். பனாமா நாட்டை ஆண்ட நொரியேகா மீதான வழக்கு, ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட விமானத்தின் வழக்கு எல்லாம் அவர் பார்வையில் நடந்தவை. அதே ஆள் 1995-இல் வாஷிங்டனில் சாதாரணக் கொலை வழக்குகளை நடத்துகிறார். "ஏம்மா, தப்பு பண்ணி இறக்கிட்டாங்களா?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஈப்போ வழக்கறிஞர்:
யாரும் இறக்கவில்லை அக்கா. இடையில் பாஸ்டனில் பெரிய சட்ட நிறுவனத்தில் இருந்தார். நல்ல வருமானம்தான், மனசு ஒட்டவில்லை. அப்போது வாஷிங்டன் அரசு வழக்கறிஞராக இருந்த எரிக் ஹோல்டருக்கு அவரே போன் போட்டுக் கொலை வழக்குப் பிரிவில் வேலை கேட்டார். வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத நகரம். அதனால் தெருவில் நடக்கிற கொலையைக்கூட மத்திய அரசின் வழக்கறிஞர்கள்தான் நடத்துவார்கள். அப்புறம் 1998-இல் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு வழக்கறிஞர். 2001 செப்டம்பர் 4-இல் எஃப்.பி.ஐ. இயக்குநர், ஒரே வாரத்தில் இரட்டைக் கோபுரத் தாக்குதல். பத்து வருடம்தான் பதவிக்காலம், நாடாளுமன்றம் இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தது.

ஓய்வுபெற்ற சார்ஜன்:
தங்கச்சி, நான் 27 வருடம் போலீஸில் இருந்தவன். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பையன் வெட்டுப்பட்டுச் செத்தான். ஒவ்வொரு விசாரணைக்கும் அவன் அம்மா முதல் பஸ் பிடித்து வருவார். பையனின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியிலேயே வைத்திருப்பார். வழக்கை நடத்தியவர்கள் மூன்று முறை மாறினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் அந்த அம்மாவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தடவை அவருக்குப் பேச்சே வரவில்லை, உறையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அனுபவம் முற்றிய ஆட்கள் மேலே போய்விடுகிறார்கள், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கையில் இந்த வழக்குகள் சிக்குகின்றன. முல்லர் மாதிரி ஒருவர் தானாகக் கேட்டு அந்த நாற்காலிக்கு வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட் அம்மா:
படித்துக் காட்டினேன் அண்ணே. கொலை வழக்குப் பகுதியை முதலில் வைத்து, எஃப்.பி.ஐ.யைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். பேச நான்கு நிமிடம்தான், அவர் வியட்நாம் போருக்குப் போன பகுதியை எடுத்துவிடலாமா என்கிறாள்.

ஈப்போ வழக்கறிஞர்:
ஒரு வரியாவது இருக்கட்டும் அக்கா. மரைன் படை அதிகாரியாகப் போய், 1969-இல் தொடையில் குண்டு பாய்ந்தது. அதன் பிறகுதான் சட்டமே படித்தார்.