நாலாம் வகுப்புக்குக் குப்பை பிரிக்கும் விளையாட்டு: புள்ளி எப்படிப் போடுவது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
தமிழ் மீடியம், 30 பிள்ளைகள். யார் அதிகம் பிளாஸ்டிக் கவர் கொண்டுவருவது என்று போட்டி வைத்தால், கவருக்காகவே சிப்ஸ் வாங்குகிறார்கள். பரமபத அட்டையில் 'குப்பை போட்டாய், இறங்கு' என்று எழுதியும் பயனில்லை. 40 நிமிடப் பீரியடுக்குள் முடிய வேண்டும்.

சித்தூர்க்காரன்:
டீச்சர், பரமபதத்தில் பகடைதான் முடிவு செய்கிறது, பிள்ளை யோசிக்க இடமே இல்லை. பாம்பின் வாயில் நிற்கும்போது ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். எந்தக் குப்பைச் சாக்கில் போகும், ஏன் என்று சொல்லிவிட்டால் இறங்க வேண்டாம்.

படம் வேண்டாம், கழுவிய நிஜப் பொருளே வையுங்கள். ஐந்து பேர் கொண்ட ஆறு குழு. குழுவுக்கு ஆறு பொருள்: பால் கவர், சிப்ஸ் பாக்கெட், அலுமினியத் தாள், பேப்பர் கப், வாழையிலை, தீர்ந்த ரீஃபில். இரண்டு நிமிடம் தொடாமல் பேசட்டும், பிறகு ஒரு நிமிடத்தில் போடட்டும். சரியான சாக்குக்கு 1 புள்ளி, காரணத்துக்கு 2. வேகத்துக்குப் புள்ளி வைத்தால் குருட்டடி அடிப்பார்கள்.

பேப்பர் கப்பில்தான் அதிகம் தவறும். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதைக் கிழித்துக் காட்டுங்கள். வெள்ளி நிறத் தாளைக் கசக்கிப் பார்க்கட்டும்: விரிந்து கொண்டால் பிளாஸ்டிக், சுருண்டே கிடந்தால் அலுமினியம்.

நர்சரி அக்கா:
பரிசில் கவனம் வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வில், படம் வரையப் பிடித்த மழலைகளிடம் பரிசு உண்டு என்று முன்பே சொன்னதும், பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. அதனால் தனிப் பரிசை விட்டு, வகுப்புக்கே பொதுப் புள்ளி வையுங்கள். வெள்ளிதோறும் பாக்கெட்டுகளை எண்ணி, போன வாரத்தைவிடக் குறைந்தால் புள்ளி. எடை போடாதீர்கள், பாக்கெட்டுக்கு எடையே காட்டாது. பள்ளி கேட்டுக்கு வெளியே கிடப்பதையும் சேர்த்து எண்ணுங்கள், இல்லாவிட்டால் அங்கே வீசிவிட்டு வருவார்கள். யார் பாக்கெட் என்று பெயர் சொல்லவே கூடாது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நன்றிங்க. சேர்ந்த சாக்கை என்ன செய்வது?

சித்தூர்க்காரன்:
ஹரித கர்ம சேனைக்காரர்கள் (கேரளத்தில் பிளாஸ்டிக் போன்ற மக்காத குப்பையை வந்து வாங்கிப் போகிறவர்கள்) வரும் நாளில் பிள்ளைகள் கையாலேயே கொடுக்க விடுங்கள். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டாமல் கீறித் திறக்கச் சொல்லுங்கள், அந்தச் சின்னத் துண்டு எந்தச் சாக்குக்கும் வந்து சேராது. கவரைக் கவிழ்த்துக் கொடியில் மாட்டினால் அரை நாளில் காயும்.