மெனோபாஸ் படபடப்பு: டென்ஷனால் வருகிறதா, ஹார்மோனால் வருகிறதா?

வெயில்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. கொஞ்ச காலமாகவே பீரியட்ஸ் தாறுமாறு. ஒரு தடவை 20 நாளில் வந்து நிற்கிறது, அப்புறம் இரண்டு மாதம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். நடுராத்திரி நெஞ்சிலிருந்து கழுத்து, காது வரை குப்பென்று சூடு ஏறி, நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்த்து, அது அடங்கியதும் குளிரெடுத்து, உதைத்துத் தள்ளிய போர்வையை இருட்டில் தேடுகிறேன். அதோடு தூக்கம் போச்சு. மறுநாள் ஆபீசில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சுள்ளென்று கோபம், இல்லையென்றால் கண்ணில் தண்ணீர்.

இதே நேரத்தில் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், பையனுக்குப் பரீட்சை, வேலையில் ஆட்குறைப்புப் பேச்சு. டாக்டரிடம் போனால் நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் "எல்லாம் டென்ஷன்தான், மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் அக்காவோ "ஹார்மோன்டி, எல்லாருக்கும் வருவதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்கிறாள். போனைத் திறந்தால் கார்ட்டிசோலைக் குறைத்து ஹார்மோனைச் சமன்செய்யும் பவுடர் என்று விளம்பரமாக வருகிறது.

டென்ஷனால் இது வருகிறதா, இதனால் டென்ஷன் வருகிறதா? டென்ஷன் குறைந்தால் இதெல்லாம் நின்றுவிடுமா? "ரிலாக்ஸாக இருங்கள்" என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள், ப்ளீஸ்.

பழையநர்சம்மா:

எழுத மாட்டேன்ம்மா. பெண்கள் வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "ரிலாக்ஸாக இருங்கள்" என்று கேட்டு ரிலாக்ஸ் ஆன ஒரு பெண்ணைக்கூட அங்கே பார்த்ததில்லை.

டாக்டர் சொன்னது பாதி, அக்கா சொன்னது பாதி. டென்ஷனால் மெனோபாஸ் வருவதில்லை. சினைப்பையில் முட்டைகள் தீர்ந்துகொண்டே வருவதால் வருகிறது, பெரும்பாலும் 45-க்கும் 55-க்கும் நடுவில். ஆனால் ஒரே மாதிரியான ஹார்மோன் ஆட்டம் ஒருத்தியை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறது, இன்னொருத்தியைப் புரட்டிப் போடுகிறது என்றால் அதில் டென்ஷனுக்கு நிச்சயம் பங்கு உண்டு.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் படிப்படியாக இறங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மெனோபாஸுக்கு முந்தைய சில வருஷங்களில் அது இறங்குவதைவிடத் தாறுமாறாக ஏறி இறங்குவதே அதிகம். சில மாதங்களில் இளவயதில் இருந்ததைவிட மேலேகூடப் போகும், அடுத்த மாதம் தரை தட்டும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் ப்ரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனும் சரியாகச் சுரக்காது. உங்களுக்குத் தேதி இப்படிக் குழம்புவது அதனால்தான். இந்த வயதில், இந்த அறிகுறிகளோடு வருகிறவர்களுக்கு ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை என்று சொல்வதும் அதனால்தான். இன்றைக்கு வந்த எண் அடுத்த வாரம் வேறாக இருக்கும். "நார்மல்" என்று போட்ட தாளைக் காட்டி உங்களுக்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுதான் மிச்சம்.

சரி, அந்தக் குப்பென்ற சூடு. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடம்தான் உடம்புச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. அங்கேயுள்ள ஒரு நரம்பணுக் கூட்டத்தை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். அந்தப் பிடி தளர்ந்ததும் அவை மிதமிஞ்சி வேலை செய்ய ஆரம்பிக்கின்றன, உடம்பு பேசாமல் பொறுத்துக்கொள்ளும் வெப்ப வரம்பு சுருங்கிவிடுகிறது. அறை நன்றாகச் சூடானால்தான் ஓடும் ஏசி, யாரோ கதவைத் திறந்து மூடியதற்கே முழு வேகத்தில் ஓடுவது போல. தோலில் ரத்தக்குழாய் விரிந்து, வியர்வை கொட்டி, உடம்பு தேவைக்கு மேல் ஆறிவிடுகிறது. பிறகு நீங்கள் போர்வை தேடுவது அதற்காக.

அந்த வரம்பை நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனம் இன்னும் சுருக்குகிறது. டென்ஷனில் கூடுவதும் அதேதான். அதனால்தான் மீட்டிங்கில் உங்கள் பெயரைக் கூப்பிட்ட நொடியிலேயே முகம் எரிகிறது. பென்சில்வேனியாவில் பெண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பதற்றம் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு ஹாட் ஃப்ளாஷ் என்கிற இந்தக் குப்பென்ற சூடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 5 மடங்கு என்று வந்தது. அவர்களுக்குப் பதற்றம் முன்னால் வந்தது, சூடு பின்னால் வந்தது. அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய ஸ்வான் ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. அடிக்கடி சூடு ஏறும் பெண்களுக்கு அந்தத் தொல்லை நடுமதிப்பாக 7.4 வருஷம் நீடித்தது, மன அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கு இன்னும் நீண்டது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்தால் போய்விடும் என்று அக்கா நினைத்தால் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எதிர்த்திசையிலும் இது ஓடுகிறது. ராத்திரி நாலு தடவை எழுந்தவளுக்கு மறுநாள் எதைத் தாங்கவும் தெம்பு இருக்காது, தாங்காததால் டென்ஷன், அதனால் அன்று ராத்திரி மறுபடியும். நடுவில் எங்கே வெட்டினாலும் பலன் உண்டு, ஆனால் வெட்ட எளிதான இடம் தூக்கம்தான் என்பது என் அபிப்பிராயம்.

உயிர்வேதி_வாத்தியார்:

அந்தப் பவுடர் பற்றி மட்டும் சொல்கிறேன். வாங்காதீர்கள்.

கார்ட்டிசோல் என்பது சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி தரும், டென்ஷனில் கூடும் ஹார்மோன். விடியற்காலையில் ஏறி, நடுராத்திரி அடிமட்டத்துக்கு இறங்கும். மெனோபாஸை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் சில பெண்களுக்கு ராத்திரி அளவு கொஞ்சம் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு "அட்ரினல் சோர்வு" என்று ஒரு நோயைச் சொல்லி விற்கிறார்கள். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் அப்படியொரு நோயையே ஏற்பதில்லை. "கார்ட்டிசோல் ப்ரோஜெஸ்டிரோனைத் திருடிவிடுகிறது" என்பது இன்னொரு கதை. சினைப்பையும் அட்ரினலும் தனித்தனியாகத் தயாரிக்கின்றன, ஒன்று மற்றொன்றின் கிடங்கிலிருந்து எடுப்பதில்லை. எச்சிலை அனுப்பினால் ஹார்மோன் சமநிலை ரிப்போர்ட் தருகிறோம் என்பதும் வீண் செலவு. நர்சம்மா சொன்ன அதே காரணம்தான், நாளுக்கு நாள் மாறும் ஒன்றை ஒரு நாள் அளந்து என்ன பயன்?

உள்ளபடியே அட்ரினலுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. மெனோபாஸுக்குப் பிறகு உடம்பில் மிஞ்சும் ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி, அட்ரினல் தரும் மூலப்பொருளிலிருந்து கொழுப்புத் திசுவில் உண்டாவதுதான். அதற்காகத் தனியாக எந்தப் பவுடரும் குடிக்க வேண்டியதில்லை.

மழைவில்_அம்மா:

அக்கா, தைராய்டு பார்த்தீர்களா? என்னையும் முதலில் டென்ஷன் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது, வியர்ப்பது, எரிச்சல், பீரியட்ஸ் மாறுவது எல்லாம் தைராய்டு கூடினாலும் வரும். எனக்கு அதுதான் இருந்தது, கூடவே மெனோபாஸும் ஆரம்பித்திருந்தது. தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் டெஸ்ட் ஒன்று, ஹீமோகுளோபின் ஒன்று, ரத்தப்போக்கு அதிகமென்றால் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் படபடக்கும்.

அப்புறம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, பீரியட்ஸ் இப்படி விட்டுவிட்டு வரும்போது கர்ப்பம் தரிக்கலாம். 50 வயதுக்குள் நின்றுபோனால் அதற்குப் பிறகும் 2 வருஷம் கருத்தடையை விட வேண்டாம் என்பார்கள், 50-க்கு மேல் என்றால் 1 வருஷம்.

நேர்வகிடு:

எல்லோரும் ஹைப்போதலாமஸ் வரை போய்விட்டீர்கள். மாமியாரை ராத்திரி யார் எழுந்து பார்க்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே! வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? ஏற்கெனவே வியர்த்து எழுந்து உட்காரும் பெண், படுக்கையில் இருப்பவருக்கும் எழுந்து ஓடினால் எந்த மாத்திரை அவளைத் தூங்க வைக்கும்? வாரத்தில் பாதி ராத்திரி கணவர் பொறுப்பு என்று பிரித்துவிடுங்கள் தோழி. டென்ஷனைக் குறை என்று சொல்கிறவர்கள் டென்ஷனைக் கொடுக்கும் வேலையில் கைவைக்கத் தயாரா என்றும் பார்க்கலாம்.

நானும் மூச்சுப்பயிற்சி, தியானம் எல்லாம் செய்தேன். மனசு கொஞ்சம் நிதானப்பட்டது, பொய் சொல்லக்கூடாது. சூடு மட்டும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பழையநர்சம்மா:

நேர்வகிடு, உங்கள் அனுபவத்தைத்தான் ஆய்வுகளும் சொல்கின்றன. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் ஹார்மோன் இல்லாத வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டது. மெதுமூச்சுப் பயிற்சி, யோகா, தியானம் இவற்றை ஹாட் ஃப்ளாஷுக்காகப் பரிந்துரைக்கவில்லை. சிபிடி என்கிற எண்ண, நடத்தைச் சிகிச்சையையும் மருத்துவ ஹிப்னாசிஸையும் பரிந்துரைத்தது. சிபிடியில் சூடு வரும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது, அது வரும்போது "ஐயோ, எல்லாரும் பார்க்கிறார்களே" என்ற பதைப்பு குறையும், தூக்கமும் தேறும். யோகா பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், வேறு நூறு நன்மை உண்டு. சூடு நிற்கவில்லையே, நான் சரியாகச் செய்யவில்லையோ என்று அதற்கும் ஒரு டென்ஷன் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

வெயில்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. நேர்வகிடு எழுதியதைக் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "சரி" என்றார். பார்க்கலாம்.

நர்சம்மா, இன்னொன்று கேட்கிறேன். ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் கேன்சர் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். எடுத்தால் இந்தக் கோபமும் அழுகையும் போய்விடுமா?

பழையநர்சம்மா:

அந்தப் பயம் 2002-ல் பரவியது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் ப்ரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியது என்று அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மெனோபாஸ் ஆகிப் பல வருஷம் கடந்தவர்கள். 60 வயதுக்குள், அல்லது பீரியட்ஸ் நின்று 10 வருஷத்துக்குள் ஆரம்பிக்கிற ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய நிலை. சூடு ஏறுவதற்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக்கூடாது, கூட ப்ரோஜெஸ்டிரோன் வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அவர்களுக்கு வென்லஃபாக்ஸின், காபாபென்டின் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன, 2023-ல் வந்த ஃபெசோலினெட்டன்ட் நேராக ஹைப்போதலாமஸில் உள்ள அந்த நரம்பணுக்களையே அடக்குகிறது, அதற்குக் கல்லீரல் பரிசோதனை அவசியம்.

கோபமும் அழுகையும் பற்றி: தூக்கம் கெட்டதால் வருவது தூக்கம் வந்ததும் நன்றாகக் குறையும். ஹார்மோன் ஆட்டம் பெரிதாக இருந்து, அதே சமயம் வாழ்க்கையிலும் பெரிய அடி விழுந்த பெண்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகம் வருகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், உங்களுக்கு இரண்டும் ஒன்றாக நடக்கிறது. ஆட்குறைப்பை மாத்திரை நிறுத்தாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, செத்துப்போனால் தேவலை என்று ஒரு தடவை தோன்றினாலோ, அதை ஹார்மோன் கணக்கில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வேறு டாக்டரைப் பாருங்கள். போகும்போது ஒரு தாளில் பீரியட்ஸ் வந்த தேதிகள், ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பகலில் எப்போது சூடு ஏறியது என்று எழுதிக்கொண்டு போங்கள். "டென்ஷனாக இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள், ஆரம்பித்தால் அவரும் அங்கேயே நின்றுவிடுவார். "ராத்திரி வியர்த்து எழுகிறேன், பீரியட்ஸ் மாறிவிட்டது" என்று ஆரம்பியுங்கள். 20 நாளில் வந்ததாகச் சொன்னீர்களே, அது அடிக்கடி நடந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் பட்டாலோ ஸ்கேன் கேளுங்கள். பின்னால் 12 மாதம் முழுசாக நின்று, அதற்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே போய்க் காட்ட வேண்டும்.