முதல் வீட்டை எந்த வயதில் வாங்கினீர்கள்?

வணக்கம். எனக்கு வயது 34, இதுவரை வாடகை வீடுதான். "இன்னும் வீடு வாங்கலையா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நிஜமாகவே தாமதமா என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் முதல் வீடு வாங்குவோரின் இடைநிலை வயது 1980களில் முப்பதை ஒட்டி இருந்தது, 2024 கணக்கெடுப்பில் 38 ஆகிவிட்டதாம். சரி, கொஞ்சம் நிம்மதி.

கடன் கணக்கு போட்டால்தான் தலை சுற்றுகிறது. இப்போது 20 வருடக் கடன் எடுத்தால் 54 வயதில் முடியும். 9 சதவீத வட்டி என்றால், வாங்கிய தொகையைப் போல 2 மடங்குக்கு மேல் கட்ட வேண்டும். 15 வருடத்தில் முடித்தால் சுமார் 1.8 மடங்குதான், ஆனால் மாதத் தவணை ஏறிவிடும். இன்னும் ஐந்து வருடம் பொறுத்து முன்பணத்தைக் கூட்டலாம் என்றால், அதற்குள் வீட்டு விலை எங்கே போய் நிற்குமோ!

நாற்பதை ஒட்டி வாங்கியவர்கள் சொல்லுங்கள்: எத்தனை வருடக் கடன் எடுத்தீர்கள்? இடையிடையே கூடுதலாகக் கட்டி அசலைக் குறைக்க முடிந்ததா? அப்புறம், இருபதுகளிலேயே வாங்கியவர்களுக்கு வேலை மாறும்போது அந்த வீடு தடையாக இருந்ததா?

"வாடகை கொடுப்பது வீண்" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.