தாழ்மை கிருபைக்கு நிபந்தனையா? ஒரு கீத ஆராதனை அழைப்பிதழால் எழுந்த கேள்வி

கேள்வி: யாங்கூன் வாசகர்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் வட்டாரத்தில் பாப்டிஸ்டு, மெதடிஸ்டு, கத்தோலிக்கத் தமிழ்ச் சபையார் ஒன்றுகூடி டிசம்பரில் கீத ஆராதனை நடத்துவது வழக்கம். இந்த ஆண்டு அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பே மனஸ்தாபம் வந்துவிட்டது. யார் பெயர் முதலில் வர வேண்டும், தேவசெய்தி யாருக்கு, எந்தப் பாடகர் குழு கடைசியில் பாட வேண்டும் என்ற மூன்றிலும் பேச்சு முற்றியது. முடிவில் ஒரு மூப்பர் எழுந்து, எதிர்த் தரப்பைப் பார்த்தபடியே, "பெருமையுள்ளவர்களுக்கு தேவன் எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்கோ கிருபை அளிக்கிறார்" என்ற வசனத்தை வாசித்தார். உடனே மற்றவர்கள் எபேசியர் 2:8, 9-ஐத் திறந்து, கிருபை நம் கிரியைகளால் வராத தேவனுடைய ஈவு என்றால் அதற்கு நிபந்தனை ஏது என்று கேட்டார்கள்.

சண்டை எப்படியும் தீர்ந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வசனங்களும் என் மனதில் மோதிக்கொண்டே இருக்கின்றன. தாழ்மையாக இருந்தால்தான் கிருபை கிடைக்கும் என்றால், தாழ்மையும் நாம் செலுத்தும் ஒரு கிரியை ஆகிவிடாதா? இன்னொன்று, ஐக்கியத்தைக் காக்க வேண்டும் என்பதற்காக எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பதுதான் தாழ்மையா? வேதத்தைக் கற்றவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: மோல்மேன், ஓய்வு பெற்ற சபை ஊழியர்

ஐயா, அந்த மூப்பர் வாசித்த வசனம் 1 பேதுரு 5:5 என்று நினைக்கிறேன். அவர் இரண்டு வசனங்கள் முன்னதாக வாசிக்கத் தொடங்கியிருந்தால், மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் அதற்கு மாதிரியாக இருக்கும்படி மூப்பர்களுக்கே சொல்லப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார். இதே வாக்கியத்தை யாக்கோபும் எடுத்தாளுகிறார். அவருடைய நான்காம் அதிகாரம், உங்களுக்குள்ளே யுத்தங்களும் சண்டைகளும் எதினாலே வருகிறது என்ற கேள்வியோடு தொடங்குகிறது. எதிரில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுவதற்காக எழுதப்பட்ட வசனம் அல்ல அது.

உங்கள் முதல் ஐயத்துக்கு இந்த நாட்டிலேயே ஒரு மறுமொழி உண்டு. மியான்மரின் கரேன் இன மக்களில் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்ற கோ தா பியூ, 1828-இல் தவோயில் தண்ணீரில் இறங்குவதற்கு முன், கொள்ளைக்காரராகவும் கொலை செய்தவராகவும் முன்கோபக்காரராகவும் பேர் எடுத்திருந்தார். கடனுக்காக அடிமைப்பட்டிருந்த அவரை விசுவாசிகள் கடனைக் கட்டி மீட்டு, அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரின் வீட்டு வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அவர் முதலில் தாழ்மை கற்று, பிறகு கிருபைக்கு விண்ணப்பித்தவர் அல்லர். கிருபை அவரைத் தேடி வந்தது. அதன்பின் அவர் கரேன் கிராமங்கள்தோறும் நடந்து சுவிசேஷம் சொன்னார். மழை மேட்டிலும்தான் பெய்கிறது, ஆனால் பள்ளத்தில்தான் தண்ணீர் நிற்கிறது. அந்தப் பள்ளத்தையும் மழையே அறுத்துக்கொள்கிறது என்றுதான் நான் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். லூக்கா 18-இல் ஆலயத்தில் ஜெபிக்க வரும் பக்தி வைராக்கியமுள்ள பரிசேயனை நாம் கிருபையை அறியாதவன் என்று எண்ணிவிடுகிறோம். அவன் ஜெபமோ, "தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் தொடங்குகிறது. தன் ஒழுக்கத்துக்கு அவன் தேவனுக்கே நன்றி சொல்கிறான். அப்படியிருந்தும் அங்கே நிற்கும், வரி வசூலிக்கிறவனான ஆயக்காரனை அற்பமாக எண்ணாமல் அவனால் ஜெபிக்க முடியவில்லை. கிருபை என்ற சொல்லை நன்றாக உச்சரிப்பவர்களின் கூட்டத்திலும் இந்த ஜெபம் நடக்கக்கூடும் என்பதைப் பிரசங்க பீடத்தில் நின்ற ஆண்டுகளில் நான் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

பதில் 2: பெகு, கத்தோலிக்க வாசகி

சகோதரரே, உங்கள் கேள்வி திருச்சபையில் ஏற்கெனவே கேட்கப்பட்டு, பதிலும் எழுதப்பட்ட கேள்விதான். 529-ஆம் ஆண்டில் தெற்குக் கால்லியாவின் (இன்றைய தென் பிரான்சின்) ஒராஞ்சு நகரில், ஆர்ல் ஆயரான செசாரியுவின் தலைமையில் கூடிய திருச்சபைச் சங்கம் தன் 6-ஆவது விதியில் இதையே எடுத்துப் பேசுகிறது. நம்முடைய தாழ்ச்சியையும் கீழ்ப்படிதலையும் பொறுத்தே அருளின் (நீங்கள் கிருபை என்பதன்) உதவி வருகிறது என்றும், நாம் தாழ்ச்சியுடன் இருப்பது அருளின் கொடை அல்ல என்றும் சொல்பவர் பவுலடியாருக்கு முரணாகப் பேசுகிறார் என்பது அந்த விதியின் சாரம். அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று 1 கொரிந்தியர் 4:7, உங்கள் மொழிபெயர்ப்பில், "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" விசுவாசத்தின் தொடக்கமாவது நம்முடையது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்த புனித அகுஸ்தினாரை மாற்றிய வசனமும் இதுவே என்று அவரே எழுதியிருக்கிறார்.

அருளைப் பற்றிய போதனைதான் நம்மைப் பிரித்தது என்று சிறுவயதில் இரு பக்கத்திலும் சொல்லித் தந்தார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும், நாம் நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில், இறைவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று சேர்ந்து அறிக்கையிட்டுக் கையொப்பமிட்டார்கள். 2006-இல் உலக மெதடிஸ்டு பேரவையும் அதில் இணைந்துகொண்டது. நற்கருணையிலும் திருப்பணி அதிகாரத்திலும் நமக்குள் வேறுபாடு நீங்கவில்லை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் குழு இந்த வேறுபாடுகளுக்காகவா சண்டையிட்டது? பெயர் வரிசைக்காக அல்லவா?

பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் கருத்து வேறுபட்ட இரண்டு பெண்களைப் பவுலடியார் பெயர் சொல்லி வேண்டுகிறார். யார் பக்கம் நியாயம் என்று அவர் எழுதவில்லை. இருவரும் தம்மோடு நற்செய்திக்காகப் பாடுபட்டவர்கள் என்று சொல்லி, அவர்களுக்கு உதவும்படி மூன்றாவது ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார். உங்கள் குழுவில் அந்த மூன்றாவது ஆளைக் காணோம்; ஒருவேளை அது நீங்களாக இருக்கலாம்.

எங்கள் பகுதியில் ஞாங்லேபின் மாதா திருவிழாவுக்குப் பௌத்தரும் இந்துக்களும்கூட வருகிறார்கள். எந்தச் சபை எந்தச் சபையிலிருந்து பிரிந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. நாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறோமா இல்லையா என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பதில் 3: யாங்கூன், வாலிபர் ஐக்கியத்தில் இருப்பவர்

பெரியவர்கள் இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்ட அண்ணனின் இரண்டாவது ஐயத்தை இருவரும் மெதுவாகக் கடந்துவிட்டார்கள். இத்தகைய கூட்டு ஆராதனைகளில் ஒரு சிறிய சபை எப்போதும் இருக்கும். அதற்கு அபிஷேகம் பெற்ற போதகர் இல்லை, ஓர் உபதேசியார் மட்டும் இருப்பார். முந்தின இரவு நாற்காலி சுமப்பவர்களும், ஆராதனை முடிந்து எல்லோரும் மொஹிங்கா சாப்பிட்டுப் போன பிறகு கிண்ணங்களைக் கழுவுபவர்களும் அந்தச் சபையார்தான். அழைப்பிதழின் அடியில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் 'ஒத்துழைப்பு' என்று அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கும். தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்தை அதிகம் கேட்பவர்களும் அவர்களே.

பிலிப்பியர் 2 யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மை வெறுமையாக்கினார் என்கிறது. இறங்கி வரச் சொல்லும் புத்தி, இறங்குவதற்கு உயரம் உள்ளவனுக்கே முதலில் பொருந்தும். கொரிந்துவில் கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறியாயிருந்தபோது, பசித்தவர்களைப் பொறுத்துக்கொள்ளும்படி பவுல் சொல்லவில்லை; இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று மற்றவர்களைத்தான் கண்டித்தார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டுப் பேதுரு விலகியபோதும், ஐக்கியம் கெட்டுவிடும் என்று பவுல் மௌனமாயிராமல் முகமுகமாய் எதிர்த்தார்.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுச் சபைகளின் கதையும் இதுதான். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். ஐக்கியத்தைக் குலைத்தது கட்டளையா, அல்லது அதற்கு முன்பே ஒரே கூரையின் கீழ்த் தனித்தனியாக உட்கார்ந்திருந்த வழக்கமா?

யாங்கூன் வாசகர்

மூவருக்கும் நன்றி. ஒராஞ்சு சங்கத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை; தாழ்மையும் பெற்றுக்கொண்டதே என்றால், அதைக் காட்டி ஒருவர் மற்றவரிடம் மேன்மைபாராட்ட வழியில்லை என்பது இப்போது புரிகிறது. அழைப்பிதழில் யார் பெயருமே வேண்டாம், சபைகளின் பெயர் மட்டும் போதும் என்று குழுவில் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். எல்லோரும் சம்மதிப்பார்கள் போலிருக்கிறது.

பதில் 3 எழுதியவர்

அண்ணே, அந்த யோசனை பெரிய சபைகளுக்கு எளிது. அவர்களுடைய போதகர்களின் பெயர் அச்சில் வராவிட்டாலும் ஊருக்கே தெரியும். உபதேசியாரின் பெயர் அச்சில் வந்தால்தான் தெரியும்.

பதில் 1 எழுதியவர்

தம்பி சொல்வதை ஏற்கிறேன். அழைப்பிதழ் எப்படி இருந்தாலும், தேவசெய்தியை இந்த ஆண்டு அந்த உபதேசியாருக்குக் கொடுக்கும்படி மூப்பரே முன்மொழியட்டும். அவரிடம் நீங்கள் தனியாகப் போய்ப் பேசுங்கள், ஐயா. கூட்டத்தில் கேட்டால் அவரால் சம்மதிக்க முடியாது.